வேர்ட்பிரஸ் தளத்தில் "கோப்பு மாறியுள்ளது" என்று வரும் வீண் எச்சரிக்கைகளைச் சரிசெய்வது எப்படி?

வேர்ட்பிரஸ் தளத்தில் பாதுகாப்புப் பிளகின் ஒன்றை நிறுவிய சில நாள்களிலேயே, "உங்கள் தளத்தில் கோப்புகள் மாறியுள்ளன" என்ற மின்னஞ்சல்கள் வந்து குவியத் தொடங்கும். புதிதாகத் தளம் நடத்துவோரில் சிலர் தளம் பறிபோய்விட்டதென்று பதறி, நல்ல கோப்புகளையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். வேறு சிலர் தொல்லை பொறுக்காமல் எச்சரிக்கை வசதியையே அணைத்துவிடுகிறார்கள். முன்னதை பேக்அப் கொண்டு மீட்டுவிடலாம். பின்னது செய்த கேடு மாதக்கணக்கில் வெளியே தெரியாது என்பதால் அதுவே கூடுதல் ஆபத்தானது.

கோப்பு மாறியது என்பதைத்தான் இந்த எச்சரிக்கை சொல்கிறதே தவிர, மாற்றியது யார் என்பதைச் சொல்வதில்லை. ஆகவே நம் வேலை, பட்டியலில் உள்ள ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தார் அல்லது எது செய்தது என்று கண்டறிவதும், காரணம் தெரிந்த மாற்றத்தை மட்டும், எவ்வளவு குறுகலாக முடியுமோ அவ்வளவு குறுகலாக, எச்சரிக்கையிலிருந்து விலக்குவதுமாகும். கீழே கோப்புப் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியுள்ளேன். உங்கள் திரையில் அவை ஆங்கில எழுத்துகளில் தோன்றும். தொடங்கும் முன் கோப்புகளுக்கும் டேட்டாபேஸுக்கும் ஒரு முழு பேக்அப் எடுத்து, அதைச் சர்வருக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பிளகின் எதை எதனோடு ஒப்பிடுகிறது என்று அறியுங்கள்

கோப்பு மாற்றத்தைக் கண்டறிய இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. உங்கள் பிளகின் எவ்வழியில் செல்கிறதோ, அதைப் பொறுத்தே வீண் எச்சரிக்கையின் காரணமும் அமையும்.

முதல் வழியில், பிளகின் தளத்தின் கோப்புகளை எல்லாம் ஒருமுறை படித்து ஒரு பதிவேட்டை உருவாக்கிக்கொண்டு, அடுத்த ஸ்கேனில் கிடைப்பதை அந்தப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறது. ஆல் இன் ஒன் செக்யூரிட்டி பிளகினின் 'ஃபைல் சேஞ்ச் டிடெக்‌ஷன்' வசதி இவ்வகையைச் சேர்ந்தது. அது கோப்பின் அளவையும், கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் பார்க்கிறது. ஆகையால், உள்ளடக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறாத கோப்பை எஃப்டிபி (கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் முறை) வழியாக மறுபடி ஏற்றினாலும், பேக்அப்பிலிருந்து மீட்டாலும், வேறு ஹோஸ்டிங்குக்குத் தளத்தை நகர்த்தினாலும், நேரம் மாறிவிட்ட ஒரே காரணத்தால் எச்சரிக்கை வரலாம். ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒரே சில நிமிடங்களில் மாறியதாகப் பட்டியல் காட்டினால், முதலில் நினைவுக்கு வரவேண்டியது இதுதான்.

இரண்டாம் வழியில், உங்கள் சர்வரில் உள்ள கோப்பு, வேர்ட்பிரஸ்.ஆர்க் என்ற அதிகாரபூர்வ இணையதளத்தின் பொதுக் களஞ்சியத்தில் உள்ள அதே பதிப்பின் அசல் கோப்போடு ஒப்பிடப்படுகிறது. வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்புப் பிளகின் செய்வது இது. நேரம் மாறியதை இம்முறை பொருட்படுத்தாது. உள்ளடக்கம் வேறுபட்டால்தான் எச்சரிக்கும். ஆனாலும் இதற்கொரு பலவீனம் உண்டு. புதிய வேர்ட்பிரஸ் பதிப்போடு சோதித்தாயிற்று என்பதைக் குறிக்க, பிளகினை எழுதியவர்கள் பதிப்பு எண்ணை உயர்த்தாமலே 'ரீட்மீ.டிஎக்ஸ்டி' கோப்பில் ஒரு வரியைத் திருத்துவது சாதாரண வழக்கம். அப்போது மாறியது களஞ்சியத்துப் பிரதி. ஆனால் குற்றம் உங்கள் சர்வரின் பிரதிமேல் விழுகிறது. பட்டியலில் ரீட்மீ கோப்பு மட்டும் தனியே நின்றால் பெரும்பாலும் காரணம் இதுவே.

படி 2: பட்டியலையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

எச்சரிக்கையில் உள்ள கோப்புகளின் பாதை, அளவு, மாறிய நேரம் ஆகியவற்றைப் பிரதியெடுத்துத் தனியே சேமியுங்கள். அடுத்த ஸ்கேன் நடந்துவிட்டால் பழைய பட்டியல் மறைந்துபோகக்கூடும்.

நேரத்தைப் படிப்பதில் ஓர் இடறல் உண்டு. பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. இந்திய நேரமும் இலங்கை நேரமும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பவை. சர்வர் பதிவில் இரவு 9.30 என்றிருப்பது நமக்கு மறுநாள் அதிகாலை 3 மணி. "அந்த நேரத்தில் நான் எதையும் தொடவில்லையே" என்று முடிவுகட்டும் முன், 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஜெனரல்' பக்கத்துக்குச் சென்று நேர மண்டலம் கொல்கத்தா அல்லது கொழும்பு என்று உள்ளதா என்று பாருங்கள். அதன்பின் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். நீங்கள் பிளகின் புதுப்பித்த நேரத்தோடு அது கச்சிதமாகப் பொருந்திவிடுவது உண்டு.

படி 3: அப்டேட் நடந்ததா என்று பாருங்கள்

வேர்ட்பிரஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். சிறு பதிப்புகளுக்கு இவ்வசதி 2013இல் வெளியான 3.7 பதிப்பிலேயே வந்துவிட்டது. பிளகின்களையும் தீம்களையும் தானாகப் புதுப்பிக்கும் விருப்பத்தேர்வு 2020இல் வந்த 5.5 பதிப்பில் சேர்ந்தது. இத்தகைய அப்டேட் முடிந்ததும் தள நிர்வாகியின் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வருவது வழக்கம் என்பதால், ஸ்பேம் பெட்டி உட்பட அதைத் தேடிப் பாருங்கள். ஹோஸ்டிங் கணக்கில் சாஃப்டாகுலஸ் போன்ற நிறுவிகளுக்கும் தானாகப் புதுப்பிக்கும் வசதி உண்டு. அவை வேர்ட்பிரஸுக்கு வெளியிலிருந்து கோப்புகளை மாற்றுகின்றன. தளத்துக்குள் நுழையும் உரிமையுள்ள வேறு யாரேனும் இருந்தால், அவர்களிடமும் கேட்டுவிடுங்கள்.

தமிழில் இயங்கும் தளங்களுக்கு இங்கே தனியாக ஒன்றைச் சொல்லவேண்டும். மொழிபெயர்ப்புக் கோப்புகள், பிளகினின் பதிப்போடு தொடர்பில்லாமல், தன்னார்வலர்களின் மொழிபெயர்ப்பு ஏற்கப்படும்போதெல்லாம் புதுப்பிக்கப்பட்டு, 'டபிள்யூபி-கன்டென்ட்' கோப்புறைக்குள் இருக்கும் 'லேங்வேஜஸ்' கோப்புறையில் வந்து அமர்கின்றன. பிளகின் அப்டேட்டுக்கு வருவது போன்ற மின்னஞ்சல் இதற்கு வருவதில்லை. 2024 ஏப்ரலில் வெளியான 6.5 பதிப்பு முதல், வேகத்துக்காக இந்த மொழிபெயர்ப்புகள் பிஎச்பி கோப்புகளாகவும் தரப்படுகின்றன. அவற்றின் பெயர் 'எல்10என்.பிஎச்பி' என்று முடியும். எனவே ஆங்கிலத் தளத்தில் வராத 'புதிய பிஎச்பி கோப்பு' எச்சரிக்கை தமிழ்த் தளத்தில் வந்தால், பெயரின் முடிவையும் கோப்புறையையும் முதலில் கவனியுங்கள்.

படி 4: இயல்பாகவே மாறிக்கொண்டிருக்கும் கோப்புகளைப் பிரித்தெடுங்கள்

வீண் எச்சரிக்கைகளில் பெரும்பகுதி இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். சில கோப்புகள் மாறுவதற்காகவே உள்ளன:

- 'டபிள்யூபி-கன்டென்ட்' கோப்புறையின் உள்ளே இருக்கும் 'கேஷ்' கோப்புறை. தளம் வேகமாகத் திறக்கப் பக்கங்களின் தற்காலிகப் பிரதிகளைச் சேமிக்கும் கேஷ் பிளகின் ஏதேனும் இருந்தால் இது நாள் முழுவதும் மாறும்.
- 'டபிள்யூஎஃப்லாக்ஸ்' கோப்புறை. வேர்ட்ஃபென்ஸின் ஃபயர்வால் தன் விதிகளையும் தாக்குதல் பதிவுகளையும் இங்கே பிஎச்பி கோப்புகளாக எழுதுகிறது. இரண்டு பாதுகாப்புப் பிளகின்களை ஒரே தளத்தில் வைத்திருப்பவர்களுக்கு, ஒன்றின் வேலையைப் பற்றி மற்றொன்று புகார் செய்யும் வேடிக்கை இங்கேதான் நடக்கிறது.
- பக்கங்களை வடிவமைக்கும் எலிமென்டர் பிளகினைப் பயன்படுத்தினால், 'அப்லோட்ஸ்' கோப்புறையில் அது உருவாக்கும் சிஎஸ்எஸ் கோப்புகள். இணையக் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளகினைப் பயன்படுத்தினால், அதே இடத்தில் 'டபிள்யூசி-லாக்ஸ்'.
- அப்டிராஃப்ட்பிளஸ் பேக்அப் வைக்கும் 'அப்டிராஃப்ட்' கோப்புறை, மற்றும் 'எரர்_லாக்', 'டீபக்.லாக்' கோப்புகள்.
- தளத்தின் வேர்க் கோப்புறையில் உள்ள 'வெல்-நோன்' கோப்புறை. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற சான்றிதழ்கள் புதுப்பிக்கப்படும்போது சரிபார்ப்புக் கோப்பு ஒன்று இங்கே தோன்றி மறையும்.

இடைப்பட்ட வகை ஒன்றும் உண்டு. 'எச்டிஆக்சஸ்' கோப்பை, பெர்மாலிங்க் (பக்க முகவரிகளின் வடிவம்) அமைப்பைச் சேமிக்கும்போது வேர்ட்பிரஸும், கேஷ் பிளகின்களும், பிஎச்பி பதிப்பை மாற்றும்போது ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலும் திருத்துகின்றன. 'டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பி' கோப்பில் கேஷ் பிளகின்கள் ஒரு வரி சேர்ப்பது உண்டு. இவ்விரண்டும் நியாயமான காரணத்தால் மாறக்கூடியவை. அதே வேளையில் ஊடுருவுவோரும் முதலில் கைவைக்கும் கோப்புகள். இவற்றுக்கான எச்சரிக்கையை ஒருபோதும் அணைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் திறந்து, சேர்ந்த வரி எது என்று பாருங்கள். சிபேனல் தான் எழுதும் பகுதியைத் தன் பெயரிட்ட குறிப்பு வரிகளுக்கு இடையே வைக்கிறது என்பதால் அடையாளம் காண்பது எளிது.

படி 5: மூலக் கோப்புகளைச் சரிபாருங்கள்

ஹோஸ்டிங் கணக்கில் டெர்மினல் வசதி இருந்தால், தளத்தின் வேர்க் கோப்புறைக்குச் சென்று, வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் நிர்வகிக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் 'டபிள்யூபி கோர் வெரிஃபை-செக்சம்ஸ்' கட்டளையை இயக்குங்கள். உங்கள் பதிப்புக்குரிய அசல் கோப்புகளின் சரிபார்ப்பு எண்களை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளங்களை) வேர்ட்பிரஸ் சர்வரிலிருந்து பெற்று, ஒவ்வொரு மூலக் கோப்பையும், அதாவது வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்பையும், அது ஒப்பிடும். எல்லாம் பொருந்தினால் வெற்றிச் செய்தி வரும். உள்ளடக்கம் வேறுபடும் கோப்பும், இருக்கவே கூடாத கோப்பும் வெவ்வேறு செய்திகளாகச் சுட்டப்படும். இரண்டாவது செய்தியே கூடுதல் கவனத்துக்கு உரியது. பிளகின்களுக்கு 'டபிள்யூபி பிளகின் வெரிஃபை-செக்சம்ஸ்' கட்டளையோடு 'ஆல்' என்ற தெரிவைச் சேர்த்து இயக்கலாம். பொதுக் களஞ்சியத்தில் இல்லாத கட்டணப் பிளகின்களை இக்கட்டளையால் சரிபார்க்க இயலாது. டெர்மினல் இல்லாதவர்கள் வேர்ட்ஃபென்ஸின் இலவசப் பதிப்பை நிறுவி ஒரு ஸ்கேன் ஓட்டினால் ஏறத்தாழ இதே பலன் கிடைக்கும்.

கோப்பைத் திறந்தால் எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனாலும் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்ற குழப்பம் நேரிட்டால், வரி முடிவுக் குறிகளைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை இடுகிறது; லினக்ஸ் ஒன்றை மட்டும் இடுகிறது. எஃப்டிபி வழியாக டெக்ஸ்ட் முறையில் இறக்கிய கோப்பைப் பைனரி முறையில் திரும்ப ஏற்றினால் அந்தக் கூடுதல் குறி அப்படியே தங்கிவிடும். அசல் கோப்பைவிட உங்கள் கோப்பு எத்தனை பைட் பெரிதாக உள்ளதோ, கோப்பில் அத்தனை வரிகளே இருந்தால் காரணம் இதுதான். ஃபைல்சில்லாவில் 'டிரான்ஸ்ஃபர் டைப்' என்பதைப் பைனரிக்கு மாற்றி அசல் கோப்பை மறுபடி ஏற்றினால் தீர்ந்தது.

படி 6: எஞ்சியதைக் கண்ணால் ஒப்பிடுங்கள்

இதுவரை வடிகட்டிய பின் சில கோப்புகளே மிஞ்சும். வேர்ட்ஃபென்ஸ் முடிவுப் பக்கத்தில் வேறுபாடுகளைக் காட்டும் பொத்தான் உள்ளது. மற்ற பிளகின்களைப் பயன்படுத்துவோர், களஞ்சியத்தில் அந்தந்தப் பிளகின் பக்கத்தின் 'அட்வான்ஸ்டு வியூ' பகுதியிலிருந்து தங்கள் தளத்தில் உள்ள அதே பதிப்பை இறக்கி, விண்மெர்ஜ் போன்ற மென்பொருளில் இரண்டு கோப்புறைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பதிப்பு எண் ஒன்றாக இருப்பது இங்கே முக்கியம். இல்லாவிட்டால் எல்லாமே வேறுபாடாகத் தெரியும்.

'அப்லோட்ஸ்' கோப்புறையில் பிஎச்பி கோப்பு இருத்தல், கோப்பின் தலைப்பகுதியில் 'இவால்', 'பேஸ்64_டீகோட்' ஆகியவற்றோடு (மறைத்து எழுதிய நிரலை விரித்து இயக்கும் பிஎச்பி சொற்கள்) பொருளற்ற நீண்ட எழுத்துச் சரம் இருத்தல், நீங்கள் உருவாக்காத நிர்வாகிக் கணக்கு தோன்றியிருத்தல் ஆகியவை வீண் எச்சரிக்கைகள் அல்ல. கோப்புறையின் உள்ளடக்கத்தை மறைக்கப் பிளகின்கள் வைக்கும், ஒரே ஒரு குறிப்பு வரி கொண்ட 'இண்டெக்ஸ்.பிஎச்பி' மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதையும் திறந்து பார்த்த பின்னரே விதிவிலக்காகக் கொள்ளவேண்டும். மாறிய நேரம் பழையதாக இருப்பதை வைத்து எந்தக் கோப்பையும் நம்பிவிடாதீர்கள்; பிஎச்பியில் ஒரு வரியில் அந்த நேரத்தைப் போலியாக மாற்றிவிட முடியும். இத்தகைய அறிகுறி கண்டால் இவ்விளக்கத்தை இங்கேயே நிறுத்திவிட்டு, சந்தேகக் கோப்பின் பிரதியைச் சேமித்து, கடவுச்சொற்களை எல்லாம் மாற்றி, ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள்.

படி 7: குறுகலாக விலக்குங்கள்

ஆல் இன் ஒன் செக்யூரிட்டியில் 'ஸ்கேனர்' பகுதியில், புறக்கணிக்கவேண்டிய கோப்பு வகைகளுக்கு ஒரு பெட்டியும், கோப்புகள் மற்றும் கோப்புறைகளுக்கு மற்றொரு பெட்டியும் உள்ளன. வரிக்கு ஒன்றாக எழுதவேண்டும். வேர்ட்ஃபென்ஸில் ஸ்கேன் விருப்பங்களின் கீழ் இதற்கான பெட்டி உள்ளது.

கோப்பு வகைகளை விலக்கும் பெட்டியைக் கூடுமானவரை காலியாக விடுவதே என் பரிந்துரை. படக் கோப்புகள் தானே என்று 'ஐகோ' வகையை விலக்குவோர் பலர். ஆனால் தளத்தின் சின்னம் போல் பெயரிட்ட ஐகோ கோப்புக்குள் பிஎச்பி நிரலை ஒளித்துவைப்பது நன்கு அறியப்பட்ட ஊடுருவல் உத்தி. 'அப்லோட்ஸ்' கோப்புறை முழுவதையும் விலக்குவது இன்னும் மோசம். அதற்குப் பதில், அதனுள் எலிமென்டரின் சிஎஸ்எஸ் கோப்புறையை மட்டும், அல்லது 'டபிள்யூசி-லாக்ஸ்' கோப்புறையை மட்டும் எழுதுங்கள். வேர்ட்ஃபென்ஸ் ஒரு கோப்பைப் புறக்கணிக்கக் கேட்கும்போது, எப்போதும் புறக்கணி என்பதைத் தேர்ந்தெடுக்காமல், அது மறுபடி மாறும்வரை புறக்கணி என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'எரர்_லாக்' போன்ற கோப்பை விலக்கினாலும் அது எதைப் பற்றிப் புலம்புகிறது என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

படி 8: பதிவேட்டைப் புதுப்பித்து, எச்சரிக்கை வேலை செய்கிறதா என்று சோதியுங்கள்

எல்லா அப்டேட்டுகளையும் முடித்து, விலக்குகளைச் சேமித்து, கையால் ஒரு ஸ்கேன் ஓட்டுங்கள். இதுவே இனி ஒப்பீட்டுக்கான புதிய பதிவேடாகும். இனி அப்டேட் செய்யும் ஒவ்வொரு முறையும் உடனே ஒரு ஸ்கேன் ஓட்டிவிட்டால், அந்த மாற்றங்கள் நினைவில் இருக்கும்போதே சரிபார்க்கப்பட்டுவிடும்.

பிறகு, ஒரு குறிப்பு வரி மட்டுமே கொண்ட, எதையும் செய்யாத பிஎச்பி கோப்பு ஒன்றை 'அப்லோட்ஸ்' கோப்புறையில் நேரடியாக வைத்து, மறுபடி ஸ்கேன் ஓட்டுங்கள். புதிய கோப்பு சேர்ந்துள்ளதாக ஆல் இன் ஒன் செக்யூரிட்டி போன்ற பதிவேட்டு வகைப் பிளகின் எச்சரிக்கவேண்டும். எச்சரிக்காவிட்டால் உங்கள் விலக்கு வரிகளில் ஏதோ ஒன்று அகலமாக உள்ளது. ஒவ்வொன்றாக நீக்கி, எது என்று கண்டறிந்து சுருக்குங்கள். எச்சரித்துவிட்டால் அந்தச் சோதனைக் கோப்பை அழித்துவிடுங்கள். அடுத்த ஸ்கேனில் "கோப்பு நீக்கப்பட்டுள்ளது" என்று இன்னொரு மின்னஞ்சல் வரும். அதற்குக் காரணம் நீங்களே.