அரிசோனா இ.எஸ்.ஏ. பணம்: வெண்டருக்குக் கட்டும் முன் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்காமல் வேறு வழியில் படிக்கவைக்கும் பெற்றோருக்கு மாநில அரசே ஒரு கணக்கு திறந்து அதில் பணம் போடுகிறது. எம்பவர்மென்ட் ஸ்காலர்ஷிப் அக்கவுன்ட் என்பது முழுப் பெயர், பேச்சில் இ.எஸ்.ஏ. 2011-ல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகத் தொடங்கிய திட்டம் இது. 2022-ல் பள்ளி வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சிறப்புத் தேவை இல்லாத பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 முதல் 8,000 டாலர் வரை வருகிறது. சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களும் இதில் சேரலாமா என்று விசாரிக்கிறார்கள். சேர்வதும் சேராததும் அவரவர் முடிவு. ஆனால் சேர்ந்தபின் பணத்தைச் செலவழிப்பதில் நல்ல எண்ணத்தோடு இருப்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. கிளாஸ்வாலட் என்ற இணையத் தளத்தில் உங்கள் பிள்ளையின் பெயரில் இருக்கும். அங்கிருந்தே பள்ளிக்கோ டியூட்டருக்கோ தெரபிஸ்டுக்கோ நேரடியாகக் கட்டலாம், அங்குள்ள கடைகளில் வாங்கலாம், அல்லது கைப்பணம் போட்டுவிட்டு ரசீது காட்டித் திரும்பப் பெறலாம்.

இங்கேதான் முதல் தவறு, என் கணக்கில் பெரிய தவறும் இதுதான். வெண்டர் என்றால் கிளாஸ்வாலட் வழியாகப் பொருளோ சேவையோ விற்பவர். “இந்த வெண்டர் லிஸ்டில் இருக்கிறார், அதனால் அவரிடம் எது வாங்கினாலும் செல்லும்” என்று நம்பிவிடுகிறார்கள். வெண்டர் பட்டியலில் இருப்பது, அவருக்குப் பணம் அனுப்ப வழி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அவர் விற்கும் ஒவ்வொரு பொருளையும், நடத்தும் ஒவ்வொரு வகுப்பையும் கல்வித் துறை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. மின்னணுப் பொருள் விற்கும் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி, டேப்லட், பிரிண்டர், மைக்ராஸ்கோப், டெலஸ்கோப் ஆகியவற்றைச் சட்டமே பெயர் சொல்லி அனுமதிக்கிறது. தொலைக்காட்சி, போன், வீடியோ கேம் கன்சோல், ஹோம் தியேட்டர் ஆகியவற்றை அதே சட்டம் பெயர் சொல்லி விலக்குகிறது. இரண்டும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கும். கடைக்காரருக்கு இரண்டும் வியாபாரம்தான், அவர் உங்களைத் தடுக்கமாட்டார்.

இதோடு ஒட்டியது இன்னொன்று. பெற்றோர் அனுப்பிய செலவுக் கோரிக்கைகள் மலைபோல் குவிந்ததால், 2024 கடைசியில் கல்வித் துறை 2,000 டாலருக்கு உட்பட்டவற்றை உடனே அனுமதித்து, பிறகு தணிக்கை செய்யும் முறைக்கு மாறியது. அதனால் திரையில் அனுமதி கிடைத்துவிட்டது என்று வந்தாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. மாதங்கள் கழித்து, “இந்தச் செலவு செல்லாது, பணத்தைத் திருப்பிக் கட்டுங்கள்” என்று கடிதம் வரலாம். அந்தக் கடிதம் வெண்டருக்குப் போகாது, உங்களுக்குத்தான் வரும். ஏனென்றால் மாநிலத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்.

துணைப் பொருட்கள், அதாவது பாடத்துக்கு உதவியாக வாங்குபவை, வாங்குவதில் கூடுதல் கவனம் வேண்டும். பாடத்திட்டம் ஒன்று இருந்து, அதற்குத் தேவை என்று காட்டினால்தான் அவை செல்லும். 2024-ல் மாநில அட்டர்னி ஜெனரல் கிரிஸ் மேயஸின் அலுவலகம் இதைச் சுட்டிக்காட்டிக் கல்வித் துறைக்கு எழுதிய பிறகு, கெடுபிடி கூடிவிட்டது. முதலில் பாடத்திட்டத்தை முடிவு செய்யுங்கள், அது கேட்கும் பொருட்களை அப்புறம் வாங்குங்கள். பொருளை வாங்கிவிட்டு அதற்கேற்ற பாடத்தைத் தேடுவது தலைகீழ் வேலை.

அடுத்தது பில். நம் குடும்பங்கள் அதிகம் தடுக்கிவிழக்கூடிய இடம் இது. வீட்டிலேயே வகுப்பு எடுக்கும் பாட்டு டீச்சர், கணக்கு டியூஷன் எடுக்கும் தெரிந்த அக்கா என்று நம் ஏற்பாடுகள் பெரும்பாலும் வாய்வார்த்தையில் நடப்பவை. மாதக் கடைசியில் செல்போனில் பணம் அனுப்புவோம், பதிலுக்கு ஒரு “தேங்க்ஸ்” வரும். இ.எஸ்.ஏ.வுக்கு இது ஆகாது. “மியூசிக் கிளாஸ், 240 டாலர்” என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் ஆகாது. நல்ல பில்லில் கற்பிப்பவரின் பெயர், முகவரி, பிள்ளையின் பெயர், என்ன பாடம், எந்தெந்தத் தேதிகளில் வகுப்பு, ஒரு வகுப்புக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என எல்லாம் தனித்தனியாக இருக்கும். கையிலிருந்து கட்டியிருந்தால் கட்டியதற்கான அத்தாட்சியும் வேண்டும். டியூட்டரின் கல்வித் தகுதிக்கான சான்றும் கேட்பார்கள். முதல் வகுப்புக்கு முன்பே, “அக்கா, இந்த மாதிரி பில் தர முடியுமா? உங்கள் சான்றிதழ் நகல் கிடைக்குமா?” என்று கேட்டுவிடுங்கள். சங்கடமாக இருக்கும்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து அவரை அலையவைப்பதைவிட இது மரியாதையானது. ஒப்பந்தம் தொடங்குவதற்கு முந்தைய செலவுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஜூலையில் கட்டிவிட்டு ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டால் ஜூலைச் செலவு உங்களுடையது.

பணத்தைச் சுற்றிவிடும் யோசனைகளைக் காதிலேயே வாங்காதீர்கள். “500 டாலருக்கு பில் போடுகிறேன், 100 டாலரை உங்களுக்கே திருப்பித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பள்ளியோ வெண்டரோ இந்தப் பணத்தைப் பெற்றோரோடு எந்த வகையிலும் பகிரக்கூடாது, தள்ளுபடியாகவோ ரீஃபண்டாகவோ கையில் தரக்கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் இ.எஸ்.ஏ. கணக்குக்கே போகவேண்டும், பரிசு அட்டையாக மாற்றி வாங்குவதும் தவறு. இது வெறும் மிரட்டல் இல்லை. இல்லாத குழந்தைகளின் பெயரில் விண்ணப்பித்துப் பணம் எடுத்ததாக 2024-ல் ஐந்து பேர் மீது மாநிலம் குற்றம் சாட்டியது. அவர்களில் மூவர் கல்வித் துறையிலேயே முன்பு வேலை பார்த்தவர்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பிள்ளையைக் கணக்குக் காட்டுவது பலருக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளியும் அரசுப் பள்ளிதான். இலவசமாக ஆன்லைனில் நடக்கும் சார்ட்டர் பள்ளியில் முழுநேரம் சேர்த்துவிட்டு இ.எஸ்.ஏ.வும் வைத்துக்கொள்ள முடியாது. வீட்டிலேயே படிக்கவைப்பதாக கவுன்டி கல்வி அலுவலகத்தில் ஹோம்ஸ்கூல் அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) கொடுத்திருந்தால் அதையும் விலக்கிக்கொள்ள வேண்டும். வீட்டில்தான் படித்தாலும் இ.எஸ்.ஏ. பிள்ளை சட்டப்படி ஹோம்ஸ்கூல் பிள்ளை அல்ல. தனியார் பள்ளியில் படிக்க, எஸ்.டி.ஓ. (ஸ்கூல் டியூஷன் ஆர்கனைசேஷன்) அமைப்புகள் தரும் உதவித்தொகையையும் அதே ஆண்டில் சேர்த்து வாங்கக்கூடாது.

சிறப்புத் தேவை உள்ள பிள்ளையின் பெற்றோர் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கவேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குத் தொகை அதிகம், சிலருக்குப் பல மடங்கு. அந்த எண்ணைப் பார்த்ததும் கையெழுத்துப் போடத் தோன்றும். ஆனால் அதே ஒப்பந்தத்தில், என் பிள்ளைக்குக் கல்வி தரும் பொறுப்பிலிருந்து, அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தை விடுவிக்கிறேன் என்றும் நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். அரசுப் பள்ளியில் ஐ.இ.பி. என்ற தனித் திட்டத்தின்படி பேச்சுப் பயிற்சி, உடலியக்கப் பயிற்சி, உதவியாளர் எல்லாம் பெற்றோர் கேட்டு வாங்கக்கூடிய உரிமை, தராவிட்டால் முறையிடலாம். தனியார் பள்ளியில் அந்த உரிமை கூடவே வராது. ஆண்டு நடுவில், “எங்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை” என்று அவர்கள் சொன்னால் நீங்கள் வேறு இடம் தேடவேண்டியதுதான். ஆகவே இப்போது பள்ளி இலவசமாகத் தரும் சேவைகளை ஒரு தாளில் எழுதி, அதே சேவையை உரிமம் பெற்ற தெரபிஸ்டிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன விலைக்கு வாங்க முடியும் என்று விசாரித்துக் கூட்டிப் பாருங்கள். காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்றும் கேளுங்கள். பணம் இருந்தும் தெரபிஸ்ட் கிடைக்காவிட்டால் பிள்ளைக்குப் பயனில்லை. பள்ளியை விட்டு வரும்போது ஐ.இ.பி., மதிப்பீட்டு அறிக்கைகளின் நகல்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இன்னொரு சிக்கல், பணம் வரும் நேரம். ஆண்டுத் தொகை ஒரே தவணையாக வராது, காலாண்டுக்கு ஒருமுறை வரும். 7,200 டாலர் என்றால் ஒரு தவணைக்கு 1,800. பள்ளி ஆகஸ்டிலேயே பாதிக் கட்டணம் கேட்டால் மீதிக்குக் கையைக் கடிக்கும். இ.எஸ்.ஏ. தவணையை ஒட்டிக் கட்ட அனுமதிப்பார்களா, நடுவில் விலகினால் பணம் என்ன ஆகும் என்று சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

பிற மாநில உறவினர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அயோவாவில் இத்தகைய கணக்கு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியில் சேர்பவர்களுக்கு மட்டும். டெக்சாஸ் 2025-ல்தான் சட்டம் இயற்றியது. 100 கோடி டாலர் ஒதுக்கி 2026-27 கல்வியாண்டில் தொடங்குகிறது, அதில் வீட்டில் படிப்பவர்களுக்கு உச்சவரம்பு 2,000 டாலர். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் “எங்களுக்கு இது பாஸ் ஆச்சு” என்றால், முதலில் அவர் எந்த மாநிலம் என்று கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு பார்த்தும் கடிதம் வந்துவிட்டால் பயந்துபோய் அதை மூடிவைக்காதீர்கள். கேட்ட பில்லையும் பாடத்திட்டத்தையும் குறித்த தேதிக்குள் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் கணக்கு முடக்கப்படலாம். கல்வித் துறையின் முடிவு சரியில்லை என்று பட்டால் மாநிலக் கல்வி வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். அங்கே உங்களுக்குக் கைகொடுப்பவை அன்றன்றே சேமித்துவைத்த பில்களும் வெண்டரோடு நடந்த மின்னஞ்சல்களும்தான்.