இடியம்கள் வாயில் வர நான் செய்தது

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை. வெள்ளைக்காரர் பேசும் ஆங்கில இடியம்கள் (மரபுத்தொடர்கள்) விளங்கும், என் வாயில்தான் வராது. பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டேன். காதில் விழுந்த முழு வசனத்தையும், யார் எந்த நேரத்தில் சொன்னார் என்பதையும் கொப்பியில் எழுதினேன். அன்றைக்கே அதை வைத்து என் வேலையைப் பற்றி ஒரு வசனம் அமைத்து, கூட வேலைசெய்யும் தம்பியிடம் சொல்லிப் பார்ப்பேன். பேச்சு தானாக வரத் தொடங்கியது.

இன்றைய வேலையை முடிக்கும்போது 'லெட்ஸ் கோல் இட் எ டே'. நேற்றையது என்றால் 'வீ கோல்ட் (called) இட் எ டே'. 'கோல் இட் எ டே'யில் வினை மட்டும்தான் மாறும், மற்றச் சொற்களில் கை வைக்கக்கூடாது. 'அண்டர் த வெதர்' தடிமன், தலையிடி மாதிரிச் சின்னச் சுகவீனத்துக்கு, மாரடைப்புக்குச் சொல்லாதீர்கள். 'கிக் த பக்கெட்' சாவைக் கொச்சையாகச் சொல்வது, செத்தவீட்டில் வேண்டவே வேண்டாம்.