கையடக்க ரேடியோ ஸ்கேனரின் உறையைப் பழுதின்றித் திறந்து மூடுவது எப்படி

சரியாக அழுந்தாத பொத்தான், தூசி அடைத்த ஸ்பீக்கர், ஆடத் தொடங்கிய ஆன்டெனா சாக்கெட் போன்ற சிறு குறைகளுக்காகவே, பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடிக் கேட்கும் ரேடியோவான ஸ்கேனரைப் பெரும்பாலும் திறக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தக் கருவியின் பிளாஸ்டிக் உறை வெறும் மூடி அன்று. சிக்னல் கசியாமல் தடுப்பதும், ஆன்டெனாவின் சுமையைத் தாங்குவதும், சில மாடல்களில் திரையின் மின்தொடர்பை அழுத்திப் பிடித்திருப்பதும் அந்த உறைதான். பார்வைக்கு விசித்திரமாகத் தோன்றும் ஒவ்வோர் அமைப்புக்கும் பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது என்ற எண்ணத்துடன் கை வைத்தால், கெடாத ஒன்றைக் கெடுக்காமல் வேலையை முடிக்கலாம்.

முதலில் பேட்டரி அறையைத் திறந்து பேட்டரிகளை வெளியே எடுத்துவிட வேண்டும். அப்போது அறையின் உட்புறத்தைக் கவனியுங்கள். யூனிடென் பிசி125ஏடி போன்ற மாடல்களில், ஆல்கலைன், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஆகிய இரண்டு வகைகளில் எது போடப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிவிக்கும் சிறு சுவிட்ச் ஒன்று இந்த அறைக்குள்ளேயே இருக்கும். துடைக்கும்போது அது தவறுதலாக நகர்ந்துவிட்டால், சார்ஜ் செய்யக்கூடாத ஆல்கலைன் பேட்டரிக்குள் யூஎஸ்பி வழியாக மின்சாரம் பாயும். பேட்டரி சூடேறிக் கசியவோ வெடிக்கவோ கூடும். ஜிஆர்இ நிறுவனத்தின் பிஎஸ்ஆர்-500 ஸ்கேனர் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரிகளுக்குக் கறுப்பு நிறத் தாங்கியும் மற்றவற்றுக்கு மஞ்சள் நிறத் தாங்கியும் தனித்தனியாக அதனுடன் வந்தன. கண்ணுக்குப் படாத சுவிட்சை விட நிறத்தை நம்புவது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

ஸ்பிரிங்குகளில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அது ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிந்த காரப் பொருள். கையுறை அணிந்து, வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள். வினிகரை ஊற்றக் கூடாது, ஏனெனில் அறையின் அடித்துளைகள் வழியாக அது சர்க்யூட் பலகை வரை இறங்கிவிடும்.

அடுத்து திருகுகள். பின்புறத்தில் வெளிப்படையாகத் தெரியும் திருகுகளை எல்லாம் கழற்றிய பிறகும் உறை பிரியவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். இன்னொரு திருகு எங்கேயோ மறைந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பேட்டரி அறையின் மூலை, வரிசை எண் ஒட்டியுள்ள லேபிளின் அடிப்பகுதி, இடுப்புக் கிளிப்பின் அடி, ரப்பர் மூடியின் பின்புறம் ஆகியவை வழக்கமாக ஒளிந்திருக்கும் இடங்கள். லேபிளை விரலால் மெல்லத் தடவினால் அடியிலுள்ள பள்ளம் தட்டுப்படும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கருவிகளின் திருகுத் தலைகள் பிலிப்ஸ் வகையைப் போலத் தோன்றினாலும் பல நேரங்களில் ஜிஸ் (JIS) எனப்படும் ஜப்பானியத் தொழில்துறைத் தரத்தைச் சேர்ந்தவை. அவற்றில் பிலிப்ஸ் திருப்புளி முழுமையாக இறங்காமல் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும் என்பதால், ஜிஸ் முனை கொண்ட திருப்புளியே தேவை. திருகுகளின் நீளமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே உறையின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, எந்தத் திருகு எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே ஒட்டி வையுங்கள்.

மேல்பகுதியில் உள்ள திருகு குமிழ்களைச் சாய்க்காமல் நேர் மேலாக இழுத்தெடுக்க வேண்டும். அவற்றின் கீழே அச்சைச் சுற்றி ஒரு நட்டும் இருக்கக்கூடும். ஆன்டெனா சாக்கெட் தனிக் கவனத்துக்குரியது. பல ஸ்கேனர்களில் கால் சுற்றில் பூட்டும் பிஎன்சி சாக்கெட்டும், வேறு பலவற்றில் மரை கொண்ட சிறிய எஸ்எம்ஏ சாக்கெட்டும் உள்ளன. 150 மெகாஹெர்ட்ஸுக்கான கால் அலைநீள ஆன்டெனாவின் நீளம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அவ்வளவு நீளமான தண்டை எஸ்எம்ஏ சாக்கெட்டில் பொருத்தினால், ஒவ்வோர் அசைவும் நெம்புகோலாகி சாக்கெட்டின் சாலிடர் இணைப்பை வளைக்கும். பிஎன்சி அடாப்டர் வாங்குவதானால், அடிப்பகுதி அகன்று உறையின் மேற்பரப்பில் நன்றாகப் படியும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் சுமை சாலிடரில் விழாமல் உறையில் விழும்.

இப்போது உறையைப் பிரிக்கலாம். உலோகத் திருப்புளியை விட்டுவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை இணைப்புக் கோட்டில் நுழைத்து, உள் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். பிரிந்ததும் இரு பாதிகளையும் விலக்கி இழுக்கக் கூடாது. முன்பலகையையும் பின்பலகையையும் இணைக்கும் ரிப்பன் கேபிள் சில சென்டிமீட்டர்தான் இருக்கும்.

உறையின் உட்சுவர் சாம்பல் அல்லது செம்பு நிறத்தில் பளபளத்தால் அது அழுக்கு அன்று. நிக்கல் அல்லது செம்பு கலந்த மின்கடத்திப் பூச்சு அது. கருவியின் சொந்த மின்னணுச் சுற்றுகள் எழுப்பும் இரைச்சல் ஆன்டெனாவுக்குள் திரும்ப நுழையாமல் தடுக்கவே அது பூசப்பட்டுள்ளது. பலகையிலுள்ள சிறு உலோக விரல்கள் அதைத் தொட்டு மண்ணிணைப்பு ஏற்படுத்துகின்றன. பூச்சைச் சுரண்டினாலோ விரல்களை வளைத்தாலோ, ஸ்கேனர் பயனாளர்கள் ‘பேர்டி’ என்று குறிப்பிடும் பொய்ச் சிக்னல்கள் பெருகக்கூடும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுத் தேடும்போதும் ஸ்கேனர் வந்து நிற்கும் அலைவரிசைகளைத் திறப்பதற்கு முன்பும் மூடிய பின்பும் குறித்து ஒப்பிட்டால், தடுப்பு சரியாக அமைந்ததா என்பது தெரிந்துவிடும்.

உள்ளே பசையிட்டு மூடிய பகுதியோ, திறக்க முடியாதபடி அடைத்த உலோகக் கவசமோ இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். செல்லுலார் தொலைபேசி உரையாடல்களை ஒட்டுக்கேட்கும் ஸ்கேனர்களின் தயாரிப்பையும் இறக்குமதியையும் அமெரிக்கா 1994 ஏப்ரலில் தடைசெய்தது. அதற்குப் பிந்தைய விதிகள், அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் சுற்றுகள் கைக்கெட்டாதவாறும், மாற்ற முயன்றால் கருவியே செயலிழக்கக்கூடியவாறும் வடிவமைக்கப்பட வேண்டும் என்று கோருகின்றன. ஆகவே அமெரிக்கச் சந்தைக்கான கருவியில் அந்த அடைப்பை நெம்புவது பழுதுபார்ப்பு ஆகாது.

பழைய கருவிகளின் வெளிப்புறம் பிசுபிசுப்பது மற்றொரு பொதுவான தொல்லை. மென்மையான தொடுவுணர்வுக்காகப் பூசப்படும் பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தால் காலப்போக்கில் சிதைந்து பசையாகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அதை எடுத்துவிடும், ஆனால் அச்சிட்ட எழுத்துகளும் சேர்ந்து போகும் என்பதால் முன்கூட்டியே படம் எடுத்து வைப்பது நல்லது. திரையின் கண்ணாடி போன்ற முகப்பு அக்ரிலிக்காக இருந்தால் ஆல்கஹால் பட்டதும் நுண்விரிசல் விடும். அதைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் மட்டும் துடையுங்கள். அசிட்டோனை எங்கும் பயன்படுத்தக் கூடாது, அது உறை செய்யப்படும் ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

மூடும்போது நீர்காப்பு ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் முறுக்கின்றிப் படிந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகை முதலில் இடப்புறமாக மெல்லச் சுழற்றினால், பழைய மரையில் சட்டென்று விழுவதை விரல் உணரும். அதன் பிறகே வலப்புறம் முறுக்க வேண்டும். இல்லாவிடில் ஒவ்வொரு முறையும் புதிய மரை வெட்டப்பட்டுத் துளை பலமிழக்கும். திரையில் சில கோடுகள் மட்டும் காணாமல் போனால் திரை பழுதாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். திரையையும் பலகையையும் இணைக்கும் ரப்பர் பட்டையின் மீது அழுத்தம் சீராக விழவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். முன்பலகையின் திருகுகளைத் தளர்த்தி, மூலைக்கு மூலை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் சரியாகும். கடைசியாக இடுப்புக் கிளிப்பை மாட்டும்போது பழைய திருகுகளையே பயன்படுத்துங்கள். நீளம் கூடிய திருகு உறையைத் துளைத்துப் பலகையைத் தொட்டுவிடும்.