பஸ் காத்திருக்காது: வெளிநாட்டுக் குழுச் சுற்றுலாவில் தனியாகச் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுக் குழுச் சுற்றுலாக்களை அழைத்துச் செல்வது என் தொழில். நானும் நெடுங்காலம் தனியாகவே ஊர் சுற்றியவள் என்பதால், துணையில்லாமல் வந்து குழுவில் சேர்பவர்கள்மேல் எனக்கு அக்கறை கொஞ்சம் கூடுதல். ஒவ்வொரு பருவத்திலும் முகங்கள் மாறுகின்றன. முதல் இரண்டு மூன்று நாட்களில் நடக்கும் தவறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பாஸ்போர்ட் நகல், மருந்துச் சீட்டு, பிளக் அடாப்டர் பற்றியெல்லாம் யாராவது ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுற்றுலா தொடங்கும் நாளன்றே போய் இறங்குவது

எனக்கு இன்றும் கோபம் வரவழைப்பது இதுதான். ஓர் இரவு ஹோட்டல் வாடகையை மிச்சம் பிடிப்பதற்காக முழுச் சுற்றுலாவையும் பணயம் வைக்கிறார்கள்.

பயணத் திட்டத்தில் ‘முதல் நாள்: வருகை, மாலையில் அறிமுகக் கூட்டம்’ என்று போட்டிருக்கும். கூட்டம் ஆறு மணிக்குத்தானே, மதியம் இறங்கினால் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். விமானம் தாமதமானால், குடியேற்றச் சோதனையில் வரிசை நகராமல் நின்றால், பெட்டி வராமல் போனால் என்ன செய்வது என்று யோசிப்பதில்லை. விமான டிக்கெட் சேராத திட்டங்களில், தொடங்கும் ஊருக்கு நேரத்தோடு வந்து சேர்வது பயணியின் பொறுப்பு. நிபந்தனைகளில் அது எழுதியே இருக்கும். ஒருவருக்காக பஸ்ஸை நிறுத்திவைக்க என்னாலும் முடியாது. ஓட்டுநரின் நேரத்துக்குச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. காலையில் ஒரு மணி நேரம் நின்றால் மாலையில் எல்லோருடைய திட்டமும் கெட்டுவிடும்.

என் குழுவில் சேர வேண்டிய ஒரு பெண், மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு விமான நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தார். முதல் விமானம் தாமதமாகி, இணைப்பு விமானம் போய்விட்டது. இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் இடம் கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் வேலை. தனித்தனி டிக்கெட் என்றால், இரண்டாவது நிறுவனத்துக்கு அவர் வராத பயணி, அவ்வளவுதான். போகும்போது ஏறாதவரின் திரும்பும் பயணத்தையும் பல நிறுவனங்கள் தாமாகவே ரத்து செய்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய டிக்கெட்டுக்கும் அதுவே நடந்தது.

இரவு பதினொன்றரை மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: ‘நாளை மாலை வந்துவிடுவேன். எங்கே காத்திருப்பீர்கள்?’ காலை ஏழரைக்கு நாங்கள் அடுத்த ஊருக்குக் கிளம்புகிறோம். விமான நிலைய நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அதை எப்படி எழுதுவது? எழுதினேன். வேறு வழியில்லை. புது டிக்கெட், இடையில் ஓர் இரவு வாடகை, எங்களை வந்து பிடிக்க ரயில் என்று, அவர் மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்கு செலவானது. மூன்றாம் நாள் காலை உணவு வேளையில் தோளில் ஒரு சிறு பையோடு வந்து சேர்ந்தார்.

பெட்டி வரவில்லை. புதிதாகப் பிடித்த விமானத்தில் அது ஏற்றப்படாமல் நின்றுவிட்டது. வெளியே வருமுன் விமான நிலையத்திலேயே புகார் பதிவு செய்திருந்தார், அதுவரை சரி. புகார்ப் படிவத்தில், எங்கே கொண்டுவந்து தர வேண்டும் என்ற இடத்தில் முதல் ஹோட்டலின் முகவரியை எழுதிவிட்டார். நாங்கள் ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருக்க, பெட்டி நாங்கள் விட்டுக் கிளம்பிய ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அதை வரவழைக்க நான் செய்த தொலைபேசி அழைப்புகளை நினைத்தால் இப்போதும் அலுப்பாக இருக்கிறது.

குழுவோடு பயணம் செய்பவர் அந்தப் படிவத்தில் ஒரே முகவரியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எந்தத் தேதியில் எந்த ஹோட்டல், அதன் தொலைபேசி எண் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பதிவோடு சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு இரவு தங்கும் ஊர் எது என்று அதில் அழுத்திக் காட்டுங்கள். பெட்டி உங்களைப் பிடிக்க அங்கேதான் வாய்ப்பு அதிகம். பதிவு செய்ததும் ஒரு குறிப்பு எண் தருவார்கள்: விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு, நிறுவனத்தின் இரண்டெழுத்துக் குறியீடு, பிறகு ஐந்து இலக்கங்கள். உடனே அதைப் படமெடுத்து, குழுவை அழைத்துச் செல்லும் டூர் மேனேஜருக்கு அனுப்பிவிடுங்கள். அவசரத்துக்கு வாங்கிய துணிமணி, பற்பசை ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமடைந்திருந்தால் கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். சுற்றுலா முடிந்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் சேதத்துக்கான 7 நாட்களைத் தவறவிடுகிறார்கள்.

அதனால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். அந்த இரவுக்கும் அதே ஹோட்டலில் அறை கிடைக்குமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். பெரும்பாலும் ஏற்பாடு செய்துவிட முடியும். விமான நிலையத்திலிருந்து அழைத்துவரும் வண்டி முதல் நாளுக்கு மட்டும்தானா என்றும் கேளுங்கள். விசா தேதியும் காப்பீட்டுத் தேதியும் அந்தக் கூடுதல் நாளைச் சேர்த்தே இருக்க வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், அதுவும் அங்கே தங்கும் எல்லா நாட்களுக்கும். சுற்றுலாவின் முதல் நாளிலிருந்து மட்டும் காப்பீடு எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய நாள் டிக்கெட்டோடு விண்ணப்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உறக்கமும் ஒரு காரணம். உடல் புதிய நேரத்துக்குப் பழக, கடந்த ஒவ்வொரு நேர மண்டலத்துக்கும் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும் என்பார்கள்; கிழக்கு நோக்கிப் பறந்தவர்களுக்கு இன்னும் சிரமம். ஒரு நாள் முன்னதாகப் போவதால் அது தீர்ந்துவிடாது. ஆனால் மிக மோசமான அந்த முதல் இரவுக்கு மறுநாள் காலை ஏழரை மணி பஸ் இருக்காது.

தேதியைத் தவறாகப் படிப்பது

14ஆம் தேதி 00:30 மணி விமானத்துக்கு 13ஆம் தேதி இரவே போயிருக்க வேண்டும்.

அறிமுகக் கூட்டத்துக்கு வராமல் தூங்கிவிடுவது

களைப்பு எனக்குப் புரிகிறது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்த் தூங்குங்கள். காலையில் எத்தனை மணிக்குப் பெட்டியை அறைவாசலில் வைக்க வேண்டும், பஸ் ஹோட்டலின் எந்த வாசலில் நிற்கும், நடுவில் தொலைந்துபோனால் யாரை அழைப்பது என்பதெல்லாம் அங்கேதான் சொல்லப்படும். தம்பதிகளில் ஒருவர் வந்தாலும் மற்றவருக்குச் செய்தி போய்விடும். தனியாக வந்தவருக்கு யார் போய்ச் சொல்வார்கள்? கூட்டத்துக்கு வராத ஒருவர், ஆறரை மணிக்கே பெட்டியை வாசலில் வைத்துவிட்டார். பாஸ்போர்ட் அதற்குள்ளே இருந்தது. பஸ்ஸின் அடியறையில் ஏற்றிய பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தேடினோம். அன்று எல்லை தாண்ட வேண்டிய நாள்.

எப்படியும் நம்மைத் தேடுவார்கள் என்று நம்புவது

பஸ் கிளம்புமுன் தலைகளை எண்ணத்தான் செய்கிறோம். முதல் இரண்டு நாட்களில் முகங்கள் எங்களுக்கு முழுதாகப் பதிந்திருக்காது; பக்கத்து பஸ்ஸில் வந்த யாராவது தவறுதலாக ஏறி உட்கார்ந்திருந்தால் எண்ணிக்கை சரியாகவே வரும். ஜோடியாக வந்தவர்களில் ஒருவர் வரவில்லை என்றால் இன்னொருவர் உடனே குரல் கொடுத்துவிடுவார். தனியாக வந்தவரின் இருக்கை காலியாக இருப்பது யார் கண்ணிலும் படாமல் போகலாம். முதல் நாளே பக்கத்து இருக்கைக்காரரிடம் பெயரைச் சொல்லி, ‘நான் ஏறாவிட்டால் சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. டூர் மேனேஜரின் எண்ணையும் ஹோட்டலின் பெயர், முகவரியையும் காகிதத்திலும் வைத்திருங்கள்; கைப்பேசியின் சார்ஜ் தீரும் நேரத்தை நாம் தேர்வு செய்ய முடியாது. முகவரி அந்த நாட்டு எழுத்தில் இருப்பது மிக முக்கியம். டாக்சி ஓட்டுநர் படிக்க வேண்டியது அதைத்தான்.

அறைத்தோழரிடம் பேசாமல் படுப்பது

அறையை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்பவர்களுக்கு இது: அலாரம், விளக்கு, குளியல் நேரம். மூன்றையும் முதல் இரவே பேசிவிடுங்கள்.

கூடுதல் சுற்றுலாக்கள் எல்லாவற்றுக்கும் முதல் நாளே பெயர் கொடுப்பது

திட்டத்தில் சேராத, தனிக் கட்டணம் கட்டிப் போகும் சுற்றுலாக்களின் பட்டியல் பஸ்ஸில் கைமாறி வரும்போது எல்லோரும் எழுதுகிறார்களே என்று எழுதாதீர்கள். நான்காம் நாள் உங்கள் கால்கள் என்ன சொல்லும் என்று இப்போது தெரியாது. ஆனால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இவற்றில் எதற்கு முன்கூட்டியே பெயர் வேண்டும்? ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா, பெருவின் மச்சு பிச்சு போன்ற இடங்களில் டிக்கெட்டே பெயரோடும் பாஸ்போர்ட் எண்ணோடும் கொடுக்கப்படுகிறது. ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றால் அங்கே இடம் இருக்காது. மற்றவை காத்திருக்கும்.

முதல் நாள் கிடைத்த துணையையே பிடித்துக்கொள்வது

தனியாக வந்தவர்களில் பலர், முதல் மாலை யார் பக்கத்தில் உட்கார்ந்தார்களோ அவர்களோடேயே கடைசிவரை ஒட்டிக்கொள்கிறார்கள். தனித்துவிடுவோம் என்ற பயம்தான் காரணம். மூன்றாம் நாளுக்குள் ஒருவருக்கு அருங்காட்சியகம் வேண்டும், மற்றவருக்குக் கடைவீதி வேண்டும் என்றாகிறது. சொல்ல முடியாமல் இருவரும் புழுங்குகிறார்கள். முதல் இரண்டு நாட்கள் ஒவ்வொரு வேளையும் வேறு மேசையில் உட்காருங்கள். பஸ்ஸில் இருக்கையை மாற்றிக்கொள்ளும் முறை இருந்தால் அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். ஒரு மதியம் தனியாகவே நடக்க வேண்டும் என்று தோன்றினால், ‘இன்று நான் தனியாகப் போய் வருகிறேன், ஐந்து மணிக்கு பஸ்ஸில் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அதற்காக யாரும் மனம் கோணி நான் பார்த்ததில்லை. சொல்லாமல் போனவர்களைத் தேடி அலைந்த மாலைகள்தான் உண்டு.