தலையில் அடிபட்ட பின் வரும் தலைவலி: தாடையைக் கவனிக்கிறீர்களா?

படகில் வழுக்கி விழுந்தோ, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் சறுக்கியோ தலையில் அடிபட்டவர்களிடம், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள். ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். அடியில் மூளை குலுங்குவதால் வரும் மூளை அதிர்ச்சி (கன்கஷன்) சி.டி. ஸ்கேனில் தெரிவதில்லை. அதனால்தான், 'ஸ்கேன் நன்றாக இருக்கிறதே, இவனுக்கு என்ன வலி?' என்று வீட்டார் கேட்பது அத்தனை பெரிய அநியாயம்.

அடிபட்ட வேகத்தில் கழுத்தும் உலுக்கப்படுகிறது. கழுத்தின் மேற்பகுதி நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் சேர்வதால், பிடரியில் பிடித்த பிடிப்பு நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் வலியாகத் தெரியும். வலி தாங்காமல் பல்லைக் கடிப்போம். அது வலியைக் கூட்டும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள நெற்றிப்பொட்டில் விரல் வைத்துப் பல்லை இறுகக் கடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு தசை எழும்பும். நாள் முழுக்க அது அப்படியே எழும்பி நின்றால் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

நம் பக்கத்தில் உடனே செய்வது, தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டுவது. கட்டும்போது இதமாக இருக்கும். ஆனால் அழுத்தம் விழுவது அந்தத் தசையின் மேல்தான். வேண்டாம். வெதுவெதுப்பான ஒற்றடம் போதும். வாய் மூடியிருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல், நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் லேசாகப் படிந்திருக்கட்டும். வலி தணியும் வரை பாக்கு மெல்லுவதையும் விட்டுவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு அச்சம் தருவது முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்கிவிடச் சொல்வது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். அடிபட்ட கழுத்தை பிசியோதெரபிஸ்ட் தவிர யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பெட்டிக்கடை மாத்திரையும் கவனம். சாதாரண வலி மாத்திரையே மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதத்தைத் தாண்டி விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியைத் தரும். அடிபட்ட முதல் இரண்டு நாளில் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடாது, ரத்தக்கசிவு கூடலாம்.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பதும் தவறு. ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை. அதற்காக மறுநாளே வலை இழுக்கப் போகவும் கூடாது. மண்டபம், பாம்பன் பக்கம் பாசி எடுக்க மூச்சடக்கி முங்கும் பெண்கள் மருத்துவர் சம்மதிக்கும் வரை கடலில் இறங்க வேண்டாம். வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே நெற்றித் தசை இறுகிவிடும். வெளியே போகும்போது விளிம்புள்ள தொப்பி வையுங்கள், வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி வேண்டாம்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் வலி, வலிப்பு, குழறும் பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், காதிலோ மூக்கிலோ தெளிநீர் வடிதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.