டோ பார் சைக்கிள் ரேக்: வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் வேல்ஸ், கார்ன்வால் பக்கம் போகும் கார்களின் பின்னால் சைக்கிள்கள் ஏறிவிடும். ரேக்கை டோ பாரில் (டிரெய்லர் இழுக்கக் காரின் பின்னால் இருக்கும் கொக்கி) மாட்டி இறுக்குவதை எல்லோரும் கவனமாகத்தான் செய்கிறார்கள். ரேக்கிலும் தனியாகப் பின்விளக்குகள் உண்டு; டோ பார் அருகிலுள்ள சாக்கெட்டில் பிளக்கைச் செருகினால் அவை காரின் விளக்குகளோடு சேர்ந்து எரியும். மின் இணைப்பு என்று வந்ததும், புதியவர்கள் ஒவ்வொரு கோடையிலும் அதே இடங்களில் சறுக்குகிறார்கள். பிளக்கைச் செருக மறப்பது, பல்பு போனதைப் பார்க்காமல் கிளம்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் கண்ணில் பட்டுவிடும்.

காரின் பின்விளக்கு வயரிலேயே கிளிப் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். பழைய கார்களில் சுவிட்சிலிருந்து நேராக பல்புக்கு வயர் போகும். நடுவில் ஒரு கிளிப் போட்டு டோ பார் சாக்கெட்டுக்கு இழுத்தாலும் பெரிதாக எதுவும் ஆகாது. இன்றைய கார்களில் பின்விளக்குகளுக்கு மின்சாரம் கொடுப்பது கன்ட்ரோல் மாட்யூல் என்ற சிறு கணினி. ஒவ்வொரு பல்பும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை அது கவனித்துக்கொண்டே இருக்கும். 21 வாட் பல்பு ஒன்று கூடுதலாகச் சேர்ந்தாலே ஏறத்தாழ 1.75 ஆம்பியர் அதிகம். பல மாட்யூல்கள் அதைக் கோளாறு என்று எண்ணி அந்த விளக்கையே அணைத்துவிடும்.

இன்னொன்று. பல கார்களில் டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்புதான். மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பினால் மங்கலாக எரிந்து டெயில் லைட் ஆகும். முழுதாக அனுப்பினால் பிரேக் லைட். அந்த வயரிலிருந்து ரேக்குக்கு இழுத்தால், டெயில் லைட் போட்டதுமே ரேக்கின் பிரேக் லைட்டும் மங்கலாக எரியும். பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போது பிரேக் பிடிக்கிறீர்கள் என்று எப்படித் தெரியும்?

லண்டனின் ஹாரோ பகுதியிலிருந்து ஒருவர் இதே கோளாறோடு என்னிடம் வந்தார். மறுநாள் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியவர். இடது பின்விளக்கு செத்துப்போயிருந்தது, டாஷ்போர்டில் எச்சரிக்கை வேறு. டிக்கியின் பக்கவாட்டு விரிப்பை விலக்கினால் உள்ளே வரிசையாக நீல பிளாஸ்டிக் கிளிப்கள். கிளிப் கடித்த இடத்தில் ஈரம் இறங்கிச் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. டோ பார் மாட்டிய இடத்தில் “விலை குறைவாக முடித்துத் தருகிறோம்” என்றிருக்கிறார்கள். திரும்பக் கேட்டதற்கு, “லைட் எரிஞ்சதுதானே அண்ணா, பிறகென்ன?” என்று பதில். மாட்யூலின் அந்தப் பக்க அவுட்புட் போய்விட்டது. புது மாட்யூல், அதைக் காரோடு பொருத்தும் வேலை என்று, அவர் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவு.

சரியான வழி இரண்டுதான். உங்கள் கார் மாடலுக்கென்றே வரும் வயரிங் கிட், அல்லது பைபாஸ் ரிலே வைத்த பொது கிட். பைபாஸ் ரிலே காரின் விளக்கு வயரில் சிக்னலை மட்டும் உணர்ந்துகொள்ளும்; ரேக் விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தைத் தனி ஃபியூஸ் வழியாக பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்போதும் இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள் (சால்டர்), அல்லது முறையாக கிரிம்ப் செய்து (உலோக முனையை வயரோடு நசுக்கி இறுக்கி) ஈரம் புகாமல் மூடுங்கள். டோ பார் மாட்டக் கொடுக்கும்போது “எந்த கிட் போடுகிறீர்கள்?” என்று கேட்டு, அதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

கோடிங் செய்யாமல் விடுவது

கிட் மாட்டினால் மட்டும் போதாது. பல கார்களுக்கு டோ பார் வந்திருக்கிறது என்பதைக் கணினி வழியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ரிவர்ஸ் எடுக்கும்போது பார்க்கிங் சென்சார் ரேக்கைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கும். ரிவர்ஸில் தானாக பிரேக் பிடிக்கும் கார் என்றால் திடீரென்று நின்றும்விடும். சில கார்களில் ரேக் இணைந்ததும் காரின் சொந்த ஃபாக் லைட் அணைந்துவிடும், அது இயல்பு. அதனால் ரேக்கின் ஃபாக் லைட் எரிகிறதா என்று தனியாகப் பாருங்கள்.

எர்த்தைச் சந்தேகிக்காமல் பல்பை மாற்றுவது

இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறதா? பிரேக் மிதித்தால் மற்ற விளக்குகள் மங்குகின்றனவா? பல்பை விட்டுவிட்டு வெள்ளை வயரைப் பாருங்கள். அதுதான் எர்த், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. எர்த் சரியில்லை என்றால் மின்சாரம் வேறொரு பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும், அதனால்தான் இந்தக் குழப்பம். 7 பின் (இணைப்பு முனை) சாக்கெட்டில் எர்த் 3ஆம் பின். 13 பின்னிலும் விளக்குகளுக்கு அதே 3தான். அதில் 9, 10 எண் பவர் லைன்களுக்குத் தனியாக 13, 11 எர்த் உண்டு. அப்புறம், விளக்குகளை ஒவ்வொன்றாக மட்டும் சோதிக்காதீர்கள். டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தால்தான் எர்த் கோளாறு வெளிப்படும்.

13 பின் பிளக்கைப் பாதியில் விடுவது

செருகிய பிறகு, நிற்கும்வரை திருப்புங்கள்.

அடாப்டரை சாக்கெட்டிலேயே விட்டுவிடுவது

காரின் சாக்கெட்டும் ரேக்கின் பிளக்கும் 7 பின், 13 பின் என்று வேறுபட்டால் நடுவில் அடாப்டர் வரும். ரேக்கைக் கழற்றியதும் அதையும் கழற்றுங்கள். மழைநீர் புகுந்து பின்கள் அரித்துப்போகும்.

இருட்டில் நம்பர் பிளேட்

ரேக் காரின் நம்பர் பிளேட்டை மறைத்தால், அதே எண்ணோடு இன்னொரு பிளேட் ரேக்கில் இருக்க வேண்டும், இரவில் அதற்கு வெளிச்சமும் வேண்டும். பிளேட்டை முறையாகக் காட்டாவிட்டால் அபராதம் 1000 பவுண்டு வரை போகலாம். பிளேட் விளக்கு டெயில் லைட் லைனிலிருந்தே வருவதால், அந்தப் பக்க ஃபியூஸ் போனால் இரண்டும் சேர்ந்தே அணையும். பகலில் கிளம்புகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. திரும்பி வரும்போது இருட்டிவிடும் என்றால், கிளம்பும் முன்பே ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள்.