தலையைத் தொட்டாலே வலிக்கிறதா? எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

சீப்பு பட்டால் வலி. தலையணையில் சாய்ந்தால் வலி. சாயங்காலம் பின்னலை அவிழ்த்தால் முடிவேரெல்லாம் புண்ணாகிவிட்டது போல ஒரு கூச்சம். வீட்டில் சொன்னால் "உடம்பு சூடு, நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பார்கள். தெருவில் சொன்னால் "போர் தண்ணி ஒத்துக்கலை" என்பார்கள். எனக்கு இந்தத் தொல்லை பல மாதம் இருந்து, இப்போது அடங்கியிருக்கிறது. அடக்கியது எந்த எண்ணெயும் இல்லை. வலி தோலில் இருக்கிறதா, இழுபட்ட வேரில் இருக்கிறதா, நரம்பில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்ததுதான். இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதல்.

யார் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

வயது 50-க்கு மேல், புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை கடுக்கிறது, பார்வை மங்குகிறது என்றால் அன்றைக்கே போங்கள். நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் வரும் அழற்சியாக இருக்கலாம். ஸ்டீராய்டு தொடங்கத் தாமதித்தால் பார்வையே போய்விடலாம்.

தலையின் ஒரே பக்கத்தில் எரிச்சல், அப்புறம் கொப்புளம் என்றால் அக்கி. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் இருந்தால் கண்ணையும் காட்டிவிடுங்கள். காவி எழுதுவதற்காக ஒரு நாளைக் கடத்த வேண்டாம்.

படி 1: தலையைப் பாருங்கள்

முந்தின நாள் எண்ணெய் வைக்காதீர்கள். செதில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. வெயில் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வகிடு வகிடாகப் பிரித்து, வேறொருவரை மொபைலில் படம் எடுக்கச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஈர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்களுக்குப் பேன் வராது என்று நினைக்க வேண்டாம்.

எண்ணெய்ப் பசையுள்ள மஞ்சள் செதில் என்றால் பெரும்பாலும் பொடுகு. தடித்த வெள்ளிநிறச் செதில் முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு வந்திருந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். முடிக்கு முடி சின்னச் சீழ்ப்பருக்கள் என்றால் மயிர்க்காலில் தொற்று. கடைசி இரண்டுக்கும் தோல் மருத்துவர்தான்.

படி 2: எதுவுமே தெரியவில்லை என்றால்

இந்த இடத்தில்தான் நான் வெகுநாள் நின்றேன். தலை சுத்தமாக இருக்கிறது, செதில் இல்லை, சிவப்பு இல்லை, ஆனால் வலிக்கிறது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாததால் மனப்பிரமை என்று சொல்லிவிடுகிறார்கள். பிரமை இல்லை. மருத்துவத்தில் இதற்கு ட்ரைக்கோடினியா என்று பெயரே இருக்கிறது.

முடிக்கு உணர்ச்சி கிடையாது. ஆனால் ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றி நரம்பு நுனிகள் பின்னிக்கொண்டிருக்கின்றன. வெளியே முடி லேசாகச் சாய்ந்தாலும் உள்ளே அது நெம்புகோல் மாதிரி வேரை அசைக்கும். அதனால் இரண்டு விதமாகத் தொட்டுப் பாருங்கள்.

முதலில் விரல் நுனியால் தோலை மட்டும் அழுத்துங்கள். அப்புறம் தோலைத் தொடாமல் ஒரு சின்னக் கற்றையைப் பிடித்து, அது வழக்கமாகப் படியும் திசைக்கு எதிராக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். இரண்டாவதில் மட்டும் சுருக்கென்று வலித்து, வலிக்கும் இடமும் கொண்டை போடும் உச்சி, இழுத்து வாரும் முன் எல்லை, கிளிப் குத்தும் இடம் என்று இருந்தால், வேர் இழுபட்டிருக்கிறது. படி 3-க்குப் போங்கள்.

தோலை லேசாக வருடினாலே வலி, கூடவே தலைவலி, கண்ணாடியின் காதுக்கம்பியும் கம்மலும்கூடப் பொறுக்க முடியவில்லை என்றால், ஒற்றைத் தலைவலியோடு வரும் அலோடைனியா. வலிக்கக் கூடாத தொடுகை வலியாகத் தெரிவதுதான் அது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது வருகிறது. பிடரியில் தொடங்கி கரண்ட் அடித்த மாதிரி மேலே ஏறினால், கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பருகே புறப்பட்டுப் பின்தலைக்கு வரும் நரம்பைச் சந்தேகிக்கலாம். இந்த இரண்டுக்கும் படி 5.

ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள். தேதி, வலித்த இடம், அன்றைய தலைப்பின்னல், தூக்கம், தலைவலி இருந்ததா என்று ஓரிரு வாரம் குறித்து வையுங்கள். ஆப் வேண்டாம், கண்ணாடி பக்கத்தில் தொங்கும் காலண்டர் தாளே போதும். எனக்கு அதில்தான் விஷயம் பிடிபட்டது: உயரக் கொண்டை போட்ட நாளும் வலித்த நாளும் ஒன்றாகவே வந்தன.

படி 3: இழுவையைக் குறையுங்கள்

பின்னி முடித்ததும் புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றித்தோல் மேலே பிடித்து இழுத்தால் பின்னல் இறுக்கம். அவிழ்த்து மறுபடி போடுங்கள். ஈரத்தலையை முடியவே வேண்டாம். நனைந்த முடி எளிதாக நீளும், எளிதாக அறும். வகிட்டை அவ்வப்போது இடம் மாற்றுங்கள். கல்யாண வீட்டுக்குக் கனமான மல்லிகைச் சரம் வைத்தால் வீடு திரும்பியதும் முதலில் அதை எடுங்கள். ராத்திரி தளர்ந்த ஒற்றைப் பின்னல் போதும்.

மெல்லிய ரப்பர் பேண்டை நான் வீட்டில் வைத்துக்கொள்வதே இல்லை. துணி சுற்றிய அகலமான பேண்ட், பல் அகன்ற சீப்பு, பெரிய கவ்வு கிளிப் ஆகிய மூன்றும் போதும். கம்பி நுனிப் பிரஷ்ஷை வலிக்கும் தலைக்கு யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நெற்றி ஓரத்தில் முடி மெலிந்து சின்னச் சின்ன முண்டு தெரிந்தால் அசட்டையாக விடாதீர்கள். இழுவையால் கொட்டிய முடி ஆரம்பத்தில் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் இழுத்தால் வேரே தழும்பாகி அங்கே முளைக்காது.

படி 4: பொடுகு என்றால் எண்ணெயை நிறுத்துங்கள்

இதைச் சொன்னால் அம்மாக்களுக்குக் கோபம் வரும். பொடுகில் பங்குள்ள மலசீசியா என்ற பூஞ்சைக்கு உணவே கொழுப்புதான். அரிக்கும் தலையில் ஊற ஊற எண்ணெய் வைப்பது அதற்குப் பந்தி வைப்பது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்கு நல்லது. கீழ்நீளத்துக்குத் தடவுங்கள், தோலுக்கு வேண்டாம்.

மருந்துக்கடையில் கீட்டோகோனசோல் 2% ஷாம்பூ கிடைக்கும். வாரம் இரண்டு முறை, 2 முதல் 4 வாரம். பலர் நுரை வந்ததும் அலசிவிடுகிறார்கள். மருந்து தோலில் 3 முதல் 5 நிமிடம் இருக்க வேண்டும். முடியில் அல்ல, தோலில். வகிடு பிரித்து விரல் நுனியால் தடவுங்கள், நகம் படக் கூடாது. அதுவரை மொபைலில் அலாரம் வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். கொதிக்கும் வெந்நீர் எரிச்சலைக் கூட்டும். கர்ப்பிணிகளும், தலையில் புண் உள்ளவர்களும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எலுமிச்சைச் சாறு, வெங்காயச் சாறு, பூண்டு இவையெல்லாம் ஏற்கெனவே எரியும் தோலுக்கு ஆகவே ஆகாது. சீயக்காயும் கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று தெரியுமல்லவா? புண்பட்ட தலையிலும் உறுத்தும். கொஞ்ச நாள் வாசனையில்லாத மென்மையான ஷாம்பூவுக்கு மாறுங்கள்.

படி 5: நரம்பும் தலைவலியும்

ஒற்றைத் தலைவலிக்கு மருத்துவர் டிரிப்டான் வகை மாத்திரை கொடுத்திருந்தால், தலைவலி தொடங்கியதுமே போடுங்கள். தலைத்தோல் தொட்டால் வலிக்கும் கட்டம் வந்துவிட்டால் அதன் பலன் குறைகிறது. ஆனால் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ டிரிப்டான், 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால் போன்ற சாதாரண வலிமாத்திரை என்று தொடர்ந்து போனால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். இதற்கும் அந்தக் காலண்டர் உதவும்.

பின்தலை வலிக்கு மடிக்கணினியைக் கண் மட்டத்துக்கு உயர்த்துவதும், பிடரியில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் கொஞ்சம் ஆறுதல் தரும். கரண்ட் அடிப்பது தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவர். சலூனில் கழுத்தை நெட்டி முறிக்கச் சொல்லாதீர்கள்.

பிற்சேர்க்கை 1

டை அடித்த மறுநாள் தலை எரிகிறது, இமை வீங்குகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலான கறுப்பு டைகளில் பாராபினைலீன் டையமின் இருக்கும், ஒவ்வாமைக்குப் பேர்போனது. நல்ல மருதாணி ஆரஞ்சும் செம்பழுப்புமாகத்தான் பிடிக்கும். "கருப்பு மருதாணி" என்று விற்பதில் இதே ரசாயனம் கலந்திருக்கலாம். ஒரு முறை ஒவ்வாமை வந்தவர்கள் அதை மறுபடி தொடவே கூடாது. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். புதிதாகப் போடுகிறவர்கள் 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் துளி தடவிச் சோதியுங்கள்.

பிற்சேர்க்கை 2

குழந்தைக்குத் தலையில் வட்டமாக முடி கொட்டி, தொட்டால் அழுகிறது, சீழும் தெரிகிறது என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். அது தலைப்படர்தாமரையாக இருக்கலாம். மேலே தடவும் களிம்பு வேர் வரை போகாது. உள்ளுக்கு மாத்திரை வேண்டும். மொட்டை போட்டாலும் போகாது. தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அதுவரை அந்தப் பிள்ளையின் சீப்பு, துண்டு, தலையணை உறையை மற்றவர்கள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 3

டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பிறகு 2, 3 மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரும்போது சிலருக்கு வேரும் வலிக்கும். உதிர்வு நின்றதும் பெரும்பாலும் வலியும் போய்விடும். ஆறு மாதம் தாண்டியும் உதிர்ந்தால் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு பரிசோதனை இரண்டையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.